இடுப்புக்கு ஒரு வடம்

யப்பானியரின் சுமோ மல்யுத்தத்தைப் பற்றி வடத்தண்ணையைவிடக் கூடுதலாகத் தெரிந்தவர்கள் யப்பானில் இருக்கக்கூடும். ஆனால் அதை அவருடைய முகத்துக்கு நேரே சொல்லும் துணிவு இத்தாலியின் பலெர்மோவில் எந்தத் தமிழருக்கும் வந்ததில்லை. சொன்னவர் அன்றைக்கு வேலைக்குப் போக முடியாது. பஸ் தரிப்பில் மாட்டினால் பஸ்கள் வந்து வந்து போகும், அண்ணை விடமாட்டார். பல்லரோ சந்தையில் கத்தரிக்காய் வாங்கப் போன என் கணவரை, எதிராளியின் இடுப்புப் பட்டியை எப்படிப் பிடிப்பது என்று காட்டுவதற்காக இடுப்போடு சேர்த்துத் தூக்கப் பார்த்தார். மனுசன் கத்தரிக்காயும் இல்லாமல், அறுந்த பெல்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். பெல்ட்டைத் தைத்துக் கொடுத்தது நான்தான்.

பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோர் வரிசையில் எல்லோரும் கால் கடுக்க நின்ற ஒரு காலையில், "கால் நோகாமல் நிக்க ஒரு வழி இருக்கு" என்று சொல்லி, மல்லர்கள் செய்வதுபோல ஒரு காலைப் பக்கவாட்டில் உயரத் தூக்கித் தொம்மென்று நிலத்தில் வைத்தார். வாசலில் நின்ற காவலர் பதறி ஓடிவந்தார். வந்தவருக்கும் முழு விளக்கம் கிடைத்தது. அந்தக் காவலர் பிறகு வடத்தண்ணையைக் கண்டால் உள்ளே போய்விடுவாராம்.

இத்தனைக்கும் ஆள் ஈர்க்கில் போன்ற ஒல்லி. ஒரு சுமோ வீரரின் காலுக்குள் வடத்தண்ணை முழுதாக அடங்குவார். சொந்தப் பெயர் பெர்மெஸ்ஸோவில் மட்டும் இருந்தது.

எனக்குச் சீசா என்ற பகுதியில் ஒரு சின்னத் தையல் கடை. காற்சட்டை கட்டையாக்குவேன், சிப் மாற்றுவேன், வாய் கொஞ்சம் காரம் என்று பெயரும் எடுத்திருக்கிறேன். என் கடைக்கு நேர் எதிரே முதலாம் மாடியில், நொன்னோ தூரி என்ற சிசிலியக் கிழவரைப் பார்த்துக்கொள்வதுதான் வடத்தண்ணையின் வேலை. நொன்னோ என்றால் இத்தாலியனில் தாத்தா. சமையலறைக்குப் பின்னால் உள்ள அறை அண்ணைக்கு. நொன்னோ அந்தக் காலத்தில் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். உடம்பு அதற்கேற்ற உடம்பு, வயதான பிறகு அதற்கும் மேலே. இருவரும் பேசுவது இத்தாலியன், சிசிலியானோ, தமிழ் மூன்றும் கலந்த ஒரு மொழி. நொன்னோ சொன்னதாக நான் எழுதுவதெல்லாம் வடத்தண்ணை எனக்குச் சொன்ன தமிழில்தான் இருக்கும். எனக்கு நொன்னோ எப்போதும் அண்ணையின் முல்லைத்தீவுத் தமிழ்தான் பேசினார்.

மிலானோவில் இருக்கும் நொன்னோவின் மகள் அவருக்கு ஒரு பெரிய தொலைக்காட்சி வாங்கிக் கொடுத்திருந்தார். யப்பானில் பின்னேரம் நடக்கும் சுமோ இங்கே காலைச் சாப்பாட்டு வேளைக்கு வரும். முதல் நாள் அதைக் கண்ட வடத்தண்ணை, கோவணத்தோடு நின்ற இரண்டு மலைகளையும் பார்த்துவிட்டு, "வீட்டுக்கு ஆக்கள் வந்து போற நேரம்" என்று துவாயால் திரையை மூடப் போயிருக்கிறார். அந்த நேரம் பார்த்துத்தான் யோகொசுனா மேடைக்கு வந்திருக்கிறார்.

யோகொசுனா என்பது சுமோவில் ஆக மேலான பட்டம். அந்தப் பட்டம் பெற்றவர் மட்டும் மேடையேறும் சடங்குக்கு இடுப்பில் வெள்ளை வெளேரென்று ஒரு தடித்த கயிறு கட்டிக்கொண்டு வருவார். நடுவில் தொடை மொத்தம், முதுகுப் பக்கம் பெரிய முடிச்சும் வளையமும், முன்னால் வெள்ளைக் கடதாசிக் குஞ்சங்கள். சண்டை தொடங்க முன் கழற்றிவிடுவார்கள். அது மரியாதைக்கு மட்டும்.

துவாயோடு நின்ற வடத்தண்ணை செருப்பைக் கழற்றிவிட்டார். எங்கள் கோவில் தேரில் வடத்தின் முன்பக்கத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காத மனுசன் அவர். அன்று மத்தியானமே கடைக்கு ஓடிவந்தார்.

"தங்கச்சி, தேரிலை கட்டுற வடத்தை யப்பான்காரன் ஆளிலை கட்டியிருக்கிறான்!"

"அதுக்கு?"

"அப்ப ஆள்தானே தேர்! விளங்குதோ உனக்கு?"

எனக்கு விளங்கவில்லை. கையில் ஒரு கலியாண பிளவுஸ் இருந்தது. ஆனால் பெயர் அன்றைக்கே விழுந்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்த வீடு வீடாக இல்லை. மல்லர்கள் சண்டைக்கு முன் உப்பு எறிவார்கள் என்பதால், நொன்னோவைக் குளிக்க வார்க்கப் போகும் முன் வடத்தண்ணையும் குளியலறைக்குள் ஒரு பிடி கல்லுப்பு எறிவார். அந்த உடம்பைக் குளிப்பாட்டுவதும் மல்யுத்தம்தானே. நொன்னோ இருந்த இடத்திலிருந்து திருப்பி எறிவார். குளியலறைக் குழாய்கள் துருப்பிடித்துப் போனதற்குக் காரணம் கேட்டு வந்த குழாய் திருத்துகிறவரிடம், "கடல் காத்து" என்று இருவரும் ஒரே குரலில் பொய் சொன்னார்கள். சீசாவுக்கும் கடலுக்கும் இடையில் பாதிப் பட்டணம் கிடக்கிறது.

நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு ஒருநாள் நொன்னோ கட்டிலிலிருந்து எழும்பும்போது விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். சத்திரசிகிச்சை நன்றாகத்தான் நடந்தது. இனி எழுந்து நடக்கலாம், நடக்கத்தான் வேண்டும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். நொன்னோ கதிரையை விட்டு அசையவில்லை. பயம் என்று ஒத்துக்கொள்ளும் ஆளும் இல்லை. பயிற்சி கொடுக்க வந்த பிசியோ பெண், நோயாளியின் இடுப்பில் கட்டிப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளும் கைபிடி வைத்த பட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். நல்ல சாமான், அதைப் பிடித்துக்கொண்டால் ஆள் விழாது. நொன்னோ அதைப் பார்த்த பார்வையில் அந்தப் பிள்ளை இரண்டு அடி பின்னால் போய்விட்டாள்.

"என்னைக் கழுதை எண்டு நினைச்சியோ, பிடிச்சுக்கொண்டு போக? இந்தத் துறைமுகத்திலை நான் தூக்காத மூட்டை இல்லை!"

பட்டி யன்னல் வழியாகப் பறந்து என் கடை வாசலில் விழுந்தது. தையல் நன்றாக இருந்ததால் எடுத்துப் பத்திரமாக வைத்தேன்.

மகள் தொலைபேசியில் அழுதார். உயிர்த்த ஞாயிறுக்கு வருவதாகவும், அப்போதும் அப்பா எழுந்து நிற்காவிட்டால் மிலானோப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ப்பதாகவும், இடம்கூடப் பார்த்தாகிவிட்டதாகவும் சொன்னார். கெட்ட மகள் இல்லை. ஆனால் நொன்னோ வாழ்நாளில் சிசிலியைவிட்டு ஒரு தடவையும் கடல் கடந்ததில்லை. அவரைக் கொண்டுபோனால் வடத்தண்ணைக்கு வேலையும் இல்லை, சமையலறைக்குப் பின்னால் இருக்கும் அறையும் இல்லை. அதை அண்ணை ஒரு நாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இரண்டு நாள் சுமோவைப் பற்றிக் கதைக்காமல் என் கடையைக் கடந்து போனார். எனக்கு அது போதுமாக இருந்தது.

மூன்றாம் நாள் உள்ளே வந்தார்.

"தங்கச்சி, ஒரு வடம் வேணும்."

"அண்ணை, இது தையல் கடை. கயிறு வேணுமெண்டால் துறைமுகத்துக்குப் போங்கோ."

"போட்டுத்தான் வாறன்."

என் மேசையில், யாரோ ஒரு சிஞ்ஞோரா அம்மாவின் பட்டுப் பாவாடைக்குப் பக்கத்தில், வள்ளக் கயிற்றுக் கட்டு ஒன்றைப் போட்டார். கடை முழுவதும் மீன் நாறியது.

"வுச்சீரியாச் சந்தையிலை மீன் வெட்டுற மன்னார் அந்தோனி தந்தவன். நல்ல பலமான கயிறு."

"இதை நொன்னோவின்ரை இடுப்பிலை கட்டினால் சீசாவிலை இருக்கிற பூனையெல்லாம் பின்னாலை வரும். முதல்லை எடுங்கோ இதை!"

எடுத்தார். கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வந்து, மறுபடி அதே இடத்தில் நின்றார். பிடித்த பிடி விடாத ஆள். வெள்ளைப் பருத்தியில் மூன்று புரி. நடு மொத்தம், நுனி மெலிவு. உள்ளே பழைய வேட்டியும் கட்டில் விரிப்பும் அடைக்கலாம். எல்லாம் யோசித்து வைத்திருந்தார். பட்டி கட்ட மறுத்தவர் கயிறு மட்டும் கட்டுவாரா என்று கேட்டேன்.

"பட்டி வருத்தக்காரனுக்கு. வடம் யோகொசுனாவுக்கு."

"அப்ப நீங்களே ஒண்டு கட்டுங்கோவன் அண்ணை. உங்களுக்குத்தானே பைத்தியம்."

வடத்தண்ணையின் முகம் மாறிவிட்டது. "விளையாட்டுக்கும் அப்பிடிச் சொல்லாதை. சண்டையிலை வெண்டவனெல்லாம் வடம் கட்டேலாது. பெரியாக்கள் சபை கூடி, இவன் குணத்திலையும் தகுதியானவன் எண்டு சொல்லவேணும். கட்டினாப் பிறகு அவனை ஒருத்தரும் கீழை இறக்கேலாது. தோத்தாலும் இறக்கேலாது. விலகிறதெண்டால் தானே விலகவேணும். நான் ஆர், வடம் கட்ட?"

"நொன்னோவுக்கு எந்தச் சபை கூடினது?"

"நான் தனியக் கூடினனான்" என்றார் வடத்தண்ணை. "ஏகமனதாத் தீர்மானம்."

இதற்கு மேல் நான் என்ன சொல்ல? வேட்டிகளைக் கொண்டுவரச் சொன்னேன்.

வடத்தை ஒரு ஆள் தனியே திரிக்கக்கூடாதாம். பலர் கூடி, வெள்ளைக் கையுறை போட்டு, ஒரே குரலில் கத்தித் திரிக்க வேண்டுமாம். வெள்ளைக் கையுறைக்கு எங்கள் ஆட்களிடம் பஞ்சமில்லை. பாதிப் பேர் வில்லா எனப்படும் பெரிய வீடுகளில் மேசைக்குச் சாப்பாடு பரிமாறுகிறவர்கள். ஞாயிறு மத்தியானம் நொன்னோவின் கட்டட முற்றத்தில், கஞ்சி போட்டு மினுக்கிய வில்லாக் கையுறைகளோடு ஒரு கூட்டமே வந்து நின்றது. எனக்குப் பெருமையில் கழுத்து ஒரு அங்குலம் வளர்ந்துவிட்டது. கலியாண வீட்டுக்குக்கூட நேரத்துக்கு வராத சனம் அது.

என்ன சொல்லிக் கத்துவது என்பதில் முதல் சண்டை வந்தது. வடத்தண்ணை அரோகரா என்றார். "அப்ப வேதக்காரர் நாங்கள் என்ன சும்மா நிக்கிறதோ?" என்றார் மன்னார் அந்தோனி. கையுறைகள் காற்றில் ஆடத் தொடங்கின. கடைசியில் இந்த ஊரில் நாங்கள் எல்லோரும் மலையேறிப் போய்க் கும்பிடுகிற ஒரே ஆளை, ஊரின் காவல் புனிதரைக் கூப்பிட்டோம். "விவா சாந்தா ரொசாலியா!" என்றதுதான் தாமதம், நான்கு பக்கத்துப் பல்கனிகளிலிருந்தும் "விவா!" என்று பதில் வாழ்த்து வந்தது. ஊர்வலத்துக்குக் கயிறு செய்கிறோம் என்று நினைத்து இரண்டாம் மாடிக் கிழவி எந்தப் புனிதருக்கு என்று கேட்டாள். "நொன்னோ தூரிக்கு" என்றார் வடத்தண்ணை. கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள்.

திரித்தது அழகாகத்தான் வந்தது. பிழை அதற்குப் பிறகு நடந்தது. தடித்த வடம் ஒன்றைக் கையில் கொடுத்து, இரண்டு பக்கமும் ஆட்களையும் நிறுத்தினால் தமிழன் என்ன செய்வான்? இழுப்பான். யார் தொடங்கினது என்று இன்றுவரை ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு பக்கம் தேர் இழுத்தது. மறுபக்கம் கயிறிழுத்தல் போட்டி என்று நினைத்தது. வடத்தண்ணை நடுவில் நின்று "இழுக்காதேங்கோ, இழுக்காதேங்கோ" என்று குளறிக்கொண்டே, பழக்க தோசத்தில் முன்பக்கம் ஓடிப்போய்த் தானும் பிடித்துக்கொண்டார். என் தையல் பட்டுப்பட்டென்று தெறித்தது. வேட்டிகள் வெளியே வந்தன. இரண்டு அணியும் ஒருமிக்க மல்லாக்க விழுந்தன.

அன்றைக்கு நான் பேசிய பேச்சை வாரப் பத்திரிகையில் எழுத முடியாது. மீன் வெட்டுகிற அந்தோனியே காதைப் பொத்தினார். அந்தக் கிழமை முழுவதும் இருந்து, பாய்மரத் துணி தைக்கிற நூலால் மறுபடி தைத்தேன். யார் இழுத்தாலும் இனி அறாது என்று எனக்குத் தெரியும். முதுகுப் பக்க வளையத்துக்குள், யன்னலால் பறந்து வந்த அந்தப் பட்டியின் கைபிடியை வைத்துத் தைத்ததும் நான்தான். அதை யாருக்கும் சொல்லவில்லை. வடத்தண்ணை கையை விட்டுப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

கட்டுகிற நாள் வந்தது. வடத்தண்ணை, அந்தோனி, என் கணவர், இன்னொருவர், ஊசியோடு நான். ஐந்து பேரும் கையுறை போட்டு வரிசையாக நொன்னோவின் அறைக்குள் போனோம். வடம் வெள்ளைத் துணிக்கு மேல் கிடந்தது. கதிரையிலிருந்த நொன்னோ அதைப் பார்த்தார்.

"ஆருக்கு?"

"உங்களுக்கு."

நொன்னோ இரண்டு கையையும் அகட்டினார். "சரி. கட்டு."

வடத்தண்ணை கையைக் கட்டிக்கொண்டார். "கதிரையிலை இருக்கிறவைக்கு வடம் கட்டேலாது."

இந்த மனுசன் இத்தனை நாளும் நினைத்திருந்தது இதைத்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நொன்னோவுக்குக் கோபம் மூக்கு நுனியில் ஏறியது. "படுவா" என்றார்; அதைத் தமிழிலேயே சொன்னார், அண்ணை சொல்லிக்கொடுத்த சொல். ஆனால் தினமும் பார்த்தவரல்லவா? வடம் கட்டும்போது யோகொசுனா நிற்பான் என்பது அவருக்கும் தெரியும். எங்கள் கையுறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கதிரைக் கைகளைப் பிடித்தார். நரம்பெல்லாம் புடைத்தது. துறைமுகத்து மூட்டையெல்லாம் ஒன்றாகத் தூக்குவதுபோல ஒரு முனகலோடு நொன்னோ தூரி எழுந்து நின்றார்.

"கெதியாக் கட்டு!" என்று அவர் கத்த, "மெல்ல, மெல்லத்தான் கட்டவேணும். இது சடங்கு" என்று வடத்தண்ணை ஒரு முடிச்சை மூன்று தரம் அவிழ்த்துக் கட்டினார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஊசி குத்திவிட்டது என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சடங்கு. வடத்தண்ணையின் கைகள் நாளுக்கு நாள் வேண்டுமென்றே மந்தமாகின. முதலில் நிற்பது, பிறகு ஒரு எட்டு, பிறகு அலுமாரி வரை. பின்னால் வளையத்துக்குள் கை கொடுத்தபடி வடத்தண்ணை. பிசியோ பெண்ணும் தனக்கு ஒரு சோடிக் கையுறை கேட்டு வாங்கிக்கொண்டாள். காலை எவ்வளவு தூக்குவது, உடம்புப் பாரத்தை எந்தப் பக்கம் போடுவது என்பதெல்லாம் அவள் சொன்னபடிதான்.

உயிர்த்த ஞாயிறன்று மகள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். கதவைத் திறந்ததும் அவர் கண்டது, அப்பாவின் அறை வாசலில் வெள்ளைக் கையுறை போட்டு வரிசையாக நின்ற எங்களைத்தான். இந்த ஊரில் வெள்ளைக் கையுறையோடு வரிசையாக வீட்டுக்கு வருகிறவர்கள் சவப்பெட்டி தூக்குகிறவர்கள். "பாப்பா!" என்று அப்பாவைக் கூப்பிட்டு அவர் போட்ட சத்தத்தில் பல்கனிகள் நிறைந்துவிட்டன.

"என்ன சத்தம்?" என்று கேட்டபடி உள்ளேயிருந்து நொன்னோ வந்தார். நடந்து வந்தார். சட்டைக்கு மேல் வடம். வடத்தில் நான் வெட்டித் தொங்கவிட்ட கடதாசிக் குஞ்சங்கள். பல்கனி வரை போய், ஊர் முழுவதும் பார்க்க, ஒரு காலைத் தூக்கினார். ஒரு செருப்பு உயரம் இருக்கும். வைத்தார். "விவா!" என்று முற்றம் அதிர்ந்தது. எந்தப் புனிதரென்று கேட்ட கிழவிதான் எல்லோரிலும் பலமாகக் கத்தினாள்.

மகள் இல்லத்தைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார். நொன்னோ கையைக் காட்டி நிறுத்தினார்.

"யோகொசுனாவை ஒருத்தரும் கீழை இறக்கேலாது. விலகிறதெண்டால் நான்தான் விலகுவன். இப்ப விலகேல்லை."

மகள் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும், அப்பாவின் முதுகில் இருந்த வளையத்தைப் பிடிக்கக் கையை நீட்டினார். வடத்தண்ணை குறுக்கே வந்தார்.

"சிஞ்ஞோரா, கையுறை இல்லாமல் தொடக்கூடாது."

நாங்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். சம்பளம் கொடுக்கிற சிஞ்ஞோராவிடம் அப்படிச் சொல்வதற்கு இந்த ஊரில் இன்னொரு தமிழன் பிறக்க வேண்டும். ஆனால் வடத்தண்ணை தன் கையுறையைக் கழற்றி அவரிடம் நீட்டினார். சிஞ்ஞோரா அதைப் போட்டுக்கொண்டார். அப்பாவை அவரே பிடித்துக்கொண்டு பல்கனியிலிருந்து கதிரை வரை கூட்டிவந்தார். இல்லத்துக்கு மறுநாளே தொலைபேசியில் வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

நொன்னோ இப்போது தெருமுனை வரை வருகிறார். வடம் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். வடத்தண்ணை பழையபடி பஸ் தரிப்பில் ஆட்களைப் பிடிக்கிறார். அந்த வடம் யப்பானில் இருப்பதைவிட நல்ல வடம் என்கிறார். தையலைப் பற்றி அவர் அப்படிச் சொல்லும்போது நான் மறுப்பதில்லை.

போன ஞாயிறு அவர் நொன்னோவோடு தெருமுனைக்குப் போன நேரம் பார்த்து, என் கடையில் அந்தோனியும் என் கணவரும் நானும் மற்றவர்களுமாகச் சபை கூடினோம். அலுமாரியில் வடம் தைத்த வெள்ளைத் துணி இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஏகமனதாகத் தீர்மானம். அண்ணையிடம் இன்னும் ஒருவரும் சொல்லவில்லை; நான் அளவும் எடுக்கவில்லை. அந்த ஒல்லி இடுப்பின் அளவு எனக்குப் பார்த்தே தெரியும்.